ஒற்றை இருக்கை

"அறுத்துடலாம் மாப்ள. இனிமே அங்க யார் வந்து உக்காரப் போறா?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவருடைய மைத்துனன் கையில் அளக்கும் டேப்பை வைத்துக்கொண்டு, பைக்கின் பின்பக்கத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துணி துவைக்கும் இடத்தில் நாலு மாதமாக நிற்கிறது அந்தப் பழைய பைக். துவைக்கிற ஆளான மனைவி கோபித்துக்கொண்டு இந்தத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. சண்டை எதற்காக வந்தது என்பது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. முதலில் போன் செய்ய வேண்டியது யார் என்பது மட்டும் இருவருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அவள் போன மறுவாரமே, பைக்கை கஃபே ரேசராக மாற்றப் போவதாக அவர் அறிவித்தார். அறிவிப்பைக் கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

கஃபே ரேசர் என்றால் பெரிய விஷயமில்லை. வண்டியில் இருக்கும் உருப்படியான சமாசாரங்களையெல்லாம் கழற்றி எறிய வேண்டும். ஹேண்டில்பாரை டேங்க் உயரத்துக்கு இறக்கி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிரேமை அறுத்து, ஒரே ஒருத்தர் குனிந்து உட்கார மட்டும் ஒரு சீட் வைக்க வேண்டும். நாற்பத்தாறு வயது இடுப்புவலிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் கிடையாது.

தொழிலில் அவர் பிடித்த மிகப் பெரிய திருப்புளியே பல்குத்தும் குச்சி அளவுதான். அதனால் ஞாயிறுதோறும் மைத்துனன் உதவிக்கு வந்தான். லேத் பட்டறைக்காரன். ஹேண்டில்பாருக்கு அவன் கடைந்து கொண்டுவந்த கவ்வி, முதல் தடவையிலேயே விரலில் மோதிரம் மாதிரிப் போய் உட்கார்ந்தது. சைலன்சரும் அப்படியே.

பின்பக்கத்துக்கு வந்ததும்தான் சனி பிடித்தது. முதல் வாரம் சாக்பீஸ் கோட்டை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டான். அடுத்த வாரம் இரும்பு அறுக்கும் பிளேடுக்குப் பதிலாகக் கல் அறுக்கும் பிளேடைக் கொண்டுவந்தான். போன வாரம் கட்டிங் மெஷினையே பஸ்ஸில் மறந்துவிட்டு, வெறுங்கையோடு வந்து நின்றான்.

"இன்னைக்கு உன் ஜம்பம் பலிக்காது," என்றார் அவர், புத்தம்புது மெஷினை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தபடி. "நானே வாங்கிட்டேன். சாயங்காலம் வெல்டர் வர்றார். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், வண்டியை ஆடாமப் பிடிச்சுக்கோ."

"ஒரு டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கலாமே மாமா."

"இப்பதானேடா ரெண்டு குடிச்சே? நான் போடற டீயை மூணாவது தடவை கேட்ட மனுஷன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்."

பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிற கேள்வியை, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உங்கக்கா ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

"சாப்பிட்டேனா, தூங்கினேனான்னு...?"

"கேக்கல மாமா." மைத்துனன் டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான்.

அவர் தலையாட்டினார். நாலு மாதமாக ஒரே ஆளுக்குச் சமைத்து, அதையும் அடுப்படியில் நின்றபடியே தின்று, அலுத்துப் போயிருந்தார். போனை எடுப்பதும் வைப்பதும் தினசரி உடற்பயிற்சி ஆகிவிட்டது. என்ன செய்ய, அதில் தொப்பை குறையவில்லை.

"சரி, விடு. அவ இடத்தை அவளே காலி பண்ணிட்டா. நான் மட்டும் எதுக்கு அந்த இரும்பைச் சுமந்துக்கிட்டுத் திரியணும்?"

ஸ்விட்சைப் போட்டார். பிளேடு இரும்பைத் தொட்டது. நாலு பொறி பறந்திருக்கும், மெஷின் ஒரு முனகலோடு அடங்கிவிட்டது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தார். சமையலறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பினால், பிடுங்கிய பிளக்கும் கையுமாக மைத்துனன்.

"அளவு தப்பு மாமா."

"டேய், நாலு தரம் அளந்தாச்சு! கடைசியா நானே அளந்தேன்." அவர் மெஷினைக் கீழே வைத்தார். கத்தத்தான் நினைத்தார், தெம்பில்லை. "உனக்கு இஷ்டமில்லேன்னா இனிமே வராதே மாப்ள. உங்க வீட்ல யாருக்கும் நான் வேண்டாம்னு தெரியுது. நீ ஒருத்தனாவது வாராவாரம் வர்றியேன்னுதான் நானும்..."

கண்ணாடிக்குள் ஆவி படிந்து, எதிரில் இருந்தவன் மங்கலாகத் தெரிந்தான்.

மைத்துனன் பிளக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். முப்பது வயசுத் தடியன், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி நெளிந்தான்.

"சொன்னேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவா."

"யாருடா?"

"பின்சீட்டை மட்டும் அறுக்க விடாதேன்னு, வாராவாரம் அக்காதான் மாமா என்னை அனுப்புறா."