மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது டிகிரி

மாலை வெயில் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. கப்பலிலிருந்து வந்த கடல்நீரின் வெப்ப அளவுகளை என் மருமகள் கணினியில் கோடாக வரைகிறாள். கருவி பழுதென்றால் கப்பல் மறுபடியும் அளக்க வேண்டும். அப்படியானால் அதிலிருக்கும் என் மகன் வீடு வர இன்னும் பத்து நாள் கூடுதலாகும். கோடு இருநூறு மீட்டர் ஆழத்தில் மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது டிகிரிக்குப் பாய்கிறது. அவள் முகம் வெளுக்கிறது. "அடேயப்பா! அந்தக் குளிருக்குச் சூரியனே கம்பளி கேக்கும்மா!" என்கிறேன். "சும்மா இருங்க மாமா... அட, இது குளிரே இல்ல. அளவு விட்டுப்போன இடத்துல கருவி போட்டு வைக்கிற நம்பர். நான்தான் நீக்க மறந்துட்டேன்." ஒரு தட்டு. குச்சியாக விறைத்திருந்த கோடு நெளிந்து இறங்குகிறது: மேலே இருபத்தெட்டு டிகிரி, அடியில் நான்கு. 'எல்லாம் சரி, திரும்பலாம்' என்று கப்பலுக்கு எழுதி அனுப்புகிறாள். அனுப்பிய பிறகும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் எட்டிப் பார்க்கிறேன், அந்த வரியிலேயே கப்பல் வந்து நிற்பதுபோல.