மில் கேட்டைப் பூட்டிய நாள்

“இன்னிக்கு விட்டா இனிமே கேட்க நாதி இருக்காது. நேத்து சரின்னு சொல்லிட்டு இப்ப என்ன?” என்றாள் அவள்.

கணவன் சட்டைப் பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றான். “வேண்டாம். விட்டுடேன்.”

குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கு குறைகிறதென்று, சுகாதாரத் துறை ஆட்கள் மில் கேட்டைப் பூட்டி, மறுத்தால் வேலை போய்விடும் என்று மிரட்டி, ஆணும் பெண்ணுமாக வேனில் அள்ளிப்போய் ஆபரேஷன் செய்தது ஊரறிந்த கதை. அப்போது இருவருக்கும் அதே மில்லில்தான் வேலை. கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

அதைப் பற்றிய விசாரணைக் கமிஷனுக்கு இன்று கடைசி நாள். அந்த மில்லிலிருந்து ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இன்றும் யாரும் வராவிட்டால், எல்லோரும் விரும்பித்தான் செய்துகொண்டார்கள் என்று முடித்துவிடுவார்கள் என்று தொழிற்சங்கத்துக்காரர் எச்சரித்திருந்தார்.

மாமியார் வாசலில் மறித்தாள். “இத்தனை வருஷமா வயித்துல ஒரு புழு பூச்சி தங்கலை. காரணம் இப்பதானே தெரியுது? அதை மைக்ல வேற சொல்லி என் பிள்ளை மானத்தை வாங்கணுமா?”

அவள் பதில் பேசவில்லை. மலடி என்ற பட்டம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. மகனுக்கு வேறு பெண் பார்க்க மாமியார் கிளம்பியபோதும் அவள் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அப்போது தடுத்தது கணவன்தான்.

பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். இவள் என்னதான் பேசுகிறாள் பார்ப்போமென்று மாமியாரும் கூடவே தொற்றிக்கொண்டாள்.

விசாரணைக் கூடத்தில் அரசுத் தரப்பு வக்கீல் கோப்புகளைக் கட்ட ஆரம்பித்திருந்தார். சாட்சி யாரும் இல்லையென்றால் முடித்துக்கொள்ளலாமே என்றார்.

அவள் எழுந்தாள். கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். “உன்னைக் கும்பிடறேன், வா போயிடலாம்.”

அவள் அந்தக் கையை விடாமல் பற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கமிஷன் தலைவி நாற்காலியைக் காட்டினார். “பயப்படாம உட்காருங்கம்மா. ஆபரேஷன் பண்ணினப்போ என்ன வயசு?”

அவள் உட்காரவில்லை. கணவனை உட்கார வைத்து, மைக்கை அவன் பக்கம் திருப்பினாள். “சொல்லுங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்.”

அவன் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டான்.

“எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசு, மேடம்” என்றான். “இவகிட்ட கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். எங்கம்மாகிட்டதான் சொல்லலை.”