மிச்சமிருந்த செருப்பு

அந்தத் தீவுக்குச் செருப்போடு போகக் கூடாது. மணலெல்லாம் பறவை முட்டைகள். படகேறும் இடத்திலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். திரும்பியதும் படகுக்காரர் அங்கே ஒரு பார்வை பார்ப்பார். செருப்பு மிச்சமிருந்தால் ஆள் மிச்சம்.

ஓய்வு பெற்றதிலிருந்து கதை அளப்பதுதான் எனக்கு முழுநேர வேலை. அதை உடனுக்குடன் வெட்டுவது என் மனைவியின் வேலை. போகும்போது, "அங்க கொக்கெல்லாம் தென்னமர உயரம்" என்றேன். "உங்க நாக்குதான் அந்த நீளம்" என்றாள். படகே சிரித்தது.

ஆமை பார்க்கிறேன் என்று அவள் மட்டும் மணல்மேட்டுக்கு அப்பால் போனாள். படகுக்காரர் குரல் கொடுத்ததும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பார்த்த ஆமை கார் அளவு இருந்துச்சு" என்றேன்.

"ஆமாங்க, அவ்வளவு பெருசு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒத்துக்கொண்ட முதல் பொய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கரையில் அவள் வெறுங்காலோடு நடந்துகொண்டே இருந்தாள். அவளுடைய பச்சைச் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "என்னுது இல்லீங்க" என்றாள். போட்டுப் பார்த்தோம், கால் நுழையவில்லை.

படகுக்காரர் அதை வாங்கி, பழைய இடத்திலேயே வைத்தார். "இருக்கட்டும் ஐயா. அவங்க வந்தா தேடுவாங்க."

தினமும் சாப்பிடும்போது அந்த ஆமையை வளர்க்கிறேன். நேற்று அது நம் வீட்டை விடப் பெரிது என்றேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ஆமாங்க" என்றாள்.

ஒரே ஒரு தடவை 'வாயை மூடுங்க' என்று சொல்லட்டும். அன்றைக்கே போய் அந்தச் செருப்பை எடுத்து வந்துவிடுவேன்.