டிரையரை நிறுத்திய பிறகு

சரியான திமிர் பிடித்தவள் என்று பார்லர்க்காரி முடிவே கட்டிவிட்டாள்.

பின்னே? கடைக்குள் வந்து எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த அம்மா இன்னும் வாயைத் திறக்கவில்லை. கழுத்து வரைக்கும் வெட்டணும், நெற்றியில் கொஞ்சம் விழணும், நாளைக்குப் பள்ளிக்கூட நாடகத்தில் தான்தான் ராணி என்று எல்லாவற்றையும் ஒப்பித்தது ஏழு வயது மகள். அம்மாக்காரி போனில் ஒரு படத்தை நீட்டித் தலையாட்டியதோடு சரி. அப்புறம் பின்னால் இருந்த சோபாவில் உட்கார்ந்து கண்ணாடியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

பார்லர்க்காரிக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பேர் ரேடியோ. கத்தரிக்கோல் நின்றாலும் வாய் நிற்காது. முடியில் கண்ணை வைத்துக்கொண்டு, பின்னால் இருப்பவர்களுக்கு முதுகைக் காட்டியபடியே ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். பதிலுக்கு ஒரு 'உம்' வந்தால் போதும்.

இன்றைக்கு அதுவும் வரவில்லை.

"ரெண்டு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று சிரித்தபடியே குத்திப் பார்த்தாள். அந்த அம்மா அசையவே இல்லை. அடேங்கப்பா, என்ன அழுத்தம்!

சற்று முன்னால் கல்யாண வரவேற்புக்குப் போகிற ஒருத்திக்குக் கொண்டை போட்டு, அது கலையாமல் இருக்க ஸ்பிரேயைத் தாராளமாக அடித்து அனுப்பியிருந்தாள். அந்த வாடை இன்னும் போகவில்லை. ஏசி ஓடியதால் கதவும் சாத்தியிருந்தது.

வெட்டி முடித்து டிரையரைப் போட்டாள். அரதப் பழசு. இரைச்சல் போதாதென்று இன்றைக்கு அதிலிருந்து மெல்லிசாக ஒரு விசில் வேறு. "இந்தச் சனியனும் மண்டையைப் போடப்போகுது" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த நேரத்தில்தான் அந்த அம்மா எழுந்தாள்.

சத்தம் போடவில்லை, கூப்பிடவில்லை. நேராக வந்து மகளின் கழுத்தில் கட்டியிருந்த துணியை உருவி எறிந்தாள். வெட்டிய முடியெல்லாம் ரேடியோவின் முகத்தில் பறந்தது.

ரேடியோவுக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. இன்னும் முடியவே இல்லையே என்று கத்திக்கொண்டே டிரையரை நிறுத்தினாள்.

விசில் நிற்கவில்லை.

அது பிள்ளையிடமிருந்து வந்துகொண்டிருந்தது.

ரேடியோ குனிந்து பார்த்தாள். ராணி வசனத்தை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்த குழந்தை, எப்போது பேச்சை நிறுத்தினாள்? யோசித்துப் பார்த்தாள், தெரியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறின. தொண்டைக்குக் கீழே இருக்கிற குழி உள்வாங்கியது. மெல்லிய சட்டைக்குள் விலா எலும்புகளுக்கு நடுவே சதை குழிந்து குழிந்து போனது. துணி போர்த்தியிருந்தபோது இதில் எதுதான் வெளியே தெரிந்தது? தோள் நுனியும் மூக்கு விடைப்பதும். அதைக் கண்ணாடியில் பார்த்தே அந்த அம்மா கண்டுபிடித்திருக்கிறாள்.

ஐயோ, படுக்க வையுங்கள் என்று பிள்ளையைச் சோபாவுக்கு இழுக்கப் போனாள் ரேடியோ. அந்த அம்மா கையை நீட்டித் தடுத்தாள். மகளை நாற்காலியிலேயே நிமிர்த்தி, கொஞ்சம் முன்னால் சாய்த்து உட்கார வைத்தாள். கதவைக் காட்டினாள். ரேடியோ ஓடிப்போய் விரியத் திறந்தாள்.

பையிலிருந்து நீல இன்ஹேலர் வந்தது, கூடவே தடித்த பிளாஸ்டிக் குழாய். குலுக்கினாள், பொருத்தினாள், குழாயின் முனையை மகளின் வாயில் வைத்து ஒரே ஒரு அழுத்து. பிள்ளை அதற்குள்ளேயே மெதுவாக மூச்சை இழுத்து விட, அம்மா அவள் கண்ணுக்கு முன்னால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். மறுபடியும் குலுக்கினாள். மறுபடியும் ஒரு அழுத்து. அவசரமே இல்லை, ஆனால் ஒரு நொடியும் வீணாகவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு வேறு, பிள்ளை பயந்துவிடக்கூடாது என்று. கண் மட்டும் மகளின் விலாவை விட்டு நகரவில்லை.

என் பிள்ளையாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள் ரேடியோ. இவள் மனுஷியா என்ன! திமிர் என்று நினைத்ததற்கு மனசுக்குள் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு தாய்க்குத் திமிர் இருந்தால்தான் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. தொண்டைக்குழி அடங்கியது. அந்த அம்மா போனை எடுத்து, டாக்டரிடம் போக வண்டியோடு வரும்படி கணவனுக்குத் தட்டி அனுப்பினாள்.

அதற்கப்புறம் செய்ததுதான் ரேடியோவுக்குப் பிடிபடவில்லை. சட்டென்று ரேடியோவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, மகளின் முதுகோடு வைத்து அழுத்தினாள்.

பிள்ளைதான் திரும்பிப் பார்த்துச் சொன்னாள், முழுசாக, எங்கேயும் மூச்சு அறுபடாமல்:

"உள்ள இன்னும் விசில் அடிக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க ஆண்ட்டி. அம்மாவுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது."

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பக்கம் கேட்டாள். நம்பாமல் மறுபக்கமும் கேட்டாள். காற்று போனது, வந்தது. வேறு சத்தம் இல்லை.

எழுந்து, சுற்றி வந்து, அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டாள். உதடு நன்றாகத் தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்.

"இல்ல. சுத்தமா இல்ல."

அப்போதுதான் அந்த அம்மா இன்ஹேலரை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.