இரண்டாவது பட்டம்

"எனக்கு ஒரு அங்கி, சேர்மனுக்கு ஒரு அங்கி. ரெண்டையும் நீதான் தைக்கணும்மா."

டீச்சர் இப்படிச் சொன்னதும் தையல்காரி பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். மெஷின் நின்றது.

"எந்த சேர்மன்?"

"நம்ம ஊருக்கு எத்தனை சேர்மன்? பல்கலைக்கழகத்துல எனக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கறாங்கன்னு சொன்னேன்ல? அவருக்கும் சேர்த்துக் கொடுக்கறாங்க. ஏரியைக் காப்பாத்தினதுக்கு!"

தையல்காரி தட்டிய தட்டில் கத்தரிக்கோல் மேஜையிலிருந்து எகிறி விழுந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும்? ஏரியில் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையை, ஞாயிறு தவறாமல் இடுப்பளவு சேற்றில் நின்று இழுத்துப் போட்டது டீச்சரும் அவளும் அக்கம்பக்கத்துக்காரர்களும். சேர்மன் செய்ததெல்லாம், இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் லாரி லாரியாக அதே ஏரியில் கொட்ட விட்டதுதான். லாரியை மறித்த அவள் புருஷனை லாக்கப்பில் வேறு உட்கார வைத்தார். இப்போது கிழக்குக் கரையைத் தூர்த்து வணிக வளாகம் கட்ட விடப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

"பாலுக்குப் பூனை காவல்னு கேள்விப்பட்டிருக்கேன். அந்தப் பூனைக்குப் பட்டமும் கொடுப்பாங்களா? நீங்களும் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டப் போறீங்களா? வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டு வாங்க டீச்சர்!"

"நானும் வாங்கத்தான் போறேன். அவரும் வாங்கத்தான் போறார்." பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். அவர் பிடித்தால் உடும்புப் பிடிதான். "அவர் அங்கி தோள்ல பிடிக்கக் கூடாது. நல்லா நிமிர்ந்து நிக்கற மாதிரி தை."

வீட்டுக்குப் போனதும் தையல்காரி புருஷனிடம் பொருமித் தீர்த்தாள். "பட்டம்னதும் டீச்சருக்கே புத்தி மழுங்கிப் போச்சு!"

"பிடிக்கலைன்னா தைக்காதே."

"தொழில்ல பகை காட்ட மாட்டேன். தைச்சுக் கொடுத்துட்டு, விழாவுக்கே போய் எழுந்து நின்னு நாக்கைப் பிடுங்கற மாதிரி கேக்கறேன் பாரு."

சொன்னபடியே போனாள்.

மேடையில் சேர்மன் அங்கி போட்டு நின்றார். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. அதைப் பார்த்துத் தைத்த கையையே திட்டிக்கொண்டாள்.

துணைவேந்தர் பாராட்டுரை படித்தார். "ஏரியைத் தன் கண்ணைப் போல் காத்து வருபவர். கிழக்குக் கரையில் ஒரு செங்கல் வைக்கவும் சம்மதிக்காதவர்..."

"பொய்!" என்று கத்திக்கொண்டே எழுந்தாள்.

அதே நேரம் மேடையில் டீச்சர் எழுந்து நின்று கை தட்டினார். அவரே தட்டுகிறாரே என்று அரங்கமே எழுந்து தட்டியது. அந்தச் சத்தத்தில் தையல்காரி கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

முன்வரிசையில் சேர்மனின் மகள், அப்பாவைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைக் முன்னால் வந்த சேர்மன் மகளைப் பார்த்தார். தயாராகக் கொண்டுவந்த பேச்சுத் தாளை மடித்துக்கொண்டார். "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

'நடிப்பு!' என்று முணுமுணுத்தபடி வெளியேறினாள் தையல்காரி. அதன்பிறகு டீச்சரோடு பேச்சு இல்லை. ஏரி வேலையை மட்டும் விடவில்லை. டீச்சர் ஒரு கரையில் இறங்கினால் இவள் எதிர்க்கரையில் இறங்கினாள்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. வணிக வளாகத் தீர்மானம் நகர்மன்றத்தில் எடுக்கப்படுவதாகச் செய்தி.

"இன்னைக்கு என்னையும் லாக்கப்புல வைக்கட்டும். நகர மாட்டேன்," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். டீச்சரும் வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தீர்மானத்தைச் சேர்மன் முன்னால் வைத்தார்கள். அவர் பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடிவிட்டார்.

"என் பொண்ணு வீட்டு வாசல்ல 'டாக்டர்'னு போர்டு மாட்டி வச்சிருக்கா. போற வர்றவங்களை நிறுத்தி, ஏரியைக் காப்பாத்தினவர் எங்கப்பான்னு சொல்லிக்கிட்டிருக்கா. இதுல கையெழுத்துப் போட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது? கிழக்குக் கரையில ஒண்ணும் வராது. தீர்மானம் தள்ளுபடி."

பெஞ்சில் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது.

வெளியே வந்தபோது தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பேசக்கூடாது என்ற வைராக்கியமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"டீச்சர், இந்த ஆளுக்குப் பட்டம் கொடுங்கன்னு எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவன் கால்ல விழணும்!"

"விழ வேணாம்மா, எனக்குக் கூச்சமா இருக்கும்."

தையல்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்களா?"

"எனக்குப் பட்டம் தர்றோம்னு வந்தாங்க. சேர்மனுக்கும் தந்தாத்தான் வாங்குவேன்னுட்டேன். சேர்மன் மேடைக்கு வந்தா பல்கலைக்கழகத்துக்குக் கசக்குமா? திட்டிப் பார்த்தாச்சு, மறிச்சுப் பார்த்தாச்சு. பாக்கி இருந்தது பாராட்டறது ஒண்ணுதான். அன்னைக்குப் படிச்சாங்களே, அந்தப் பாராட்டுரைகூட நான் எழுதிக் கொடுத்ததுதான்."

"ஐயோ டீச்சர், அத்தனையும் பொய்யாச்சே!"

டீச்சர் சிரித்தார்.

"இன்னைக்குக் காலை வரைக்கும்!"