அடைப்புக்குறிக்குள்

நாடாளுமன்றத்தின் உயர்ந்த ஜன்னலிலிருந்து மதிய வெயில் சுருக்கெழுத்தாளரின் இடது தோளில் இறங்குகிறது. வெளிநாட்டுப் போரிலிருந்து படையை எப்போது திரும்ப அழைப்பது என்று உறுப்பினர்கள் மூன்றாம் நாளாக வாதாடுகிறார்கள். அவருடைய மகளும் அந்தப் படையில்தான் இருக்கிறாள். முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவர் குறிப்புகளைத் திருத்தும்போது, இதே தோளில் மோவாயை ஊன்றிக்கொண்டு கூடவே படிப்பாள். "சபையில சிரிச்சா அடைப்புக்குறிக்குள்ள சிரிப்புன்னு எழுதுறீங்க. யாராவது அழுதா என்னப்பா எழுதுவீங்க?" "அங்க யாரும்மா அழப்போறா?" இப்போது ஓர் உறுப்பினர் எழுந்து, "என்ன அவசரம்? புள்ளைங்க இன்னும் நாலு ஊர் சுத்திப் பார்த்துட்டு வரட்டுமே!" என்கிறார். சபை குலுங்குகிறது. சுருக்கெழுத்தாளரின் பேனா தயங்காமல் அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று எழுதுகிறது. பக்கத்திலேயே இன்னோர் அடைப்புக்குறியைத் திறந்து, உள்ளே எதுவும் எழுதாமல் மூடுகிறது.