தண்ணீர் படாத சுவர்

நன்றாகப் பூசி, கல்லு மாதிரி நிற்கிற சுவரை யாராவது கொத்துவார்களா?

கொத்தினாள். அதுவும் ஆர்டர் கொடுக்க வந்த பில்டரின் கண் முன்னாலேயே! உளியும் சுத்தியலும் எடுத்து, பூச்சு மொத்தமும் பெயர்ந்து செங்கல் தெரிகிற வரைக்கும் கொத்தினாள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" என்று பாய்ந்து வந்தார் மேஸ்திரி. அவளுடைய புருஷன். அதே பில்டரிடம் பூச்சு வேலை பார்க்கிறவர்.

சைட்டில் எல்லோருக்கும் அவள் பவுடரம்மா. சுவர் பூசுவதற்கென்று அவளே ஒரு பவுடர் தயாரித்திருந்தாள். சாதாரணமாகச் சிமெண்ட் பூசினால் நாள் கணக்கில் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். இவள் பவுடரைக் குழைத்துப் பூசினால் அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். லாரித் தண்ணீரை நம்பிக் கட்டடம் கட்டுகிறவருக்குக் கசக்குமா என்ன?

"கிடங்குக்குப் பின்னாடி ஒரு சுவர் இருக்கு. அதுல பூசிக் காட்டும்மா. ஒரு மாசம் வெயில்ல காயட்டும். தாங்கிடுச்சுன்னா என் எல்லா சைட்டுக்கும் உன் பவுடர்தான்" என்று சொல்லியிருந்தார் பில்டர்.

அந்த ஆர்டரை நம்பித்தான் அவள் பவுடர் தயாரிக்கிற ஷெட் ஓடிக்கொண்டிருந்தது. கிடைக்காவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

ஊரில் நாலு பேர் கேலி செய்தால் பரவாயில்லை. கட்டின புருஷனே செய்தால்?

"மூஞ்சிக்குப் பூசற பவுடர்னாகூட நம்பலாம். தண்ணி காட்டாத சுவர் எங்கேயாவது நின்னிருக்கா? போட்ட காசு போச்சு, அவ்வளவுதான்" என்று சைட் சைட்டாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார் மேஸ்திரி.

ஆனால் மாசம் முடிந்தபோது சுவர் தாங்கியிருந்தது. பில்டர் தட்டிப் பார்த்தார், ஆணியால் கீறிப் பார்த்தார். மயிரிழை வெடிப்புகூட இல்லை. "நீ ஜெயிச்சுட்டேம்மா!" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவள் குனிந்து சுவரின் அடியைப் பார்த்தாள்.

மழையே இல்லாத மாசம். கிடங்கைச் சுற்றி ஒரே புழுதி. அந்தச் சுவருக்குக் கீழே மட்டும் பச்சைப்பசேலென்று புல்.

"இது செல்லாது சார். யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க."

"சத்தியமா நான் இல்லைங்க!" என்று பதறினார் வாட்ச்மேன்.

பில்டர் அவளையே பார்த்தார். "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்! என் பேச்சை நம்பி நீங்க தண்ணி ஊத்தாம விடுவீங்க. நாளைக்குக் குடிவந்தவங்க தலையில பேர்ந்து விழுந்தா? என் பவுடர் நிஜமா நிக்குதான்னு முதல்ல நான் பார்க்கணும்."

சொல்லிவிட்டுத்தான் உளியை எடுத்தாள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"இதே சுவர்ல மறுபடி பூசறேன். இன்னும் ஒரு மாசம் கொடுங்க."

"இதுதான் கடைசி" என்றார் பில்டர். "இந்தத் தடவை காவல் போடணும். யாரைப் போடலாம்?"

"இவரைப் போடுங்க" என்று புருஷனைக் காட்டினாள்.

பில்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரியான ஆளைப் பிடிச்சே! இது எப்போ விழும்னு காத்துக்கிட்டு இருக்கறவராச்சே. ஒரு சொட்டு விடுவாரா? மேஸ்திரி, ஒரு மாசத்துக்கு உமக்கு இதுதான்யா வேலை. ராத்திரியும் இங்கேயே படுத்துக்கணும்."

பேயறைந்த மாதிரி நின்றார் மேஸ்திரி. "நானா? எனக்கெதுக்குங்க இந்த வம்பு?"

"நீங்கதான்" என்றாள் அவள். "ஒரு சொட்டு விழுந்தாலும் உங்களைத்தான் கேட்பேன்."

வெயில் கொளுத்தியது. மேஸ்திரி ஸ்டூலைப் போட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்வார், எழுந்திருப்பார், குழாய் வரைக்கும் போவார், திரும்பி வருவார். சோறுகூடச் சரியாக இறங்கவில்லை.

"விழறதைப் பார்க்க மனுஷனுக்கு அவசரத்தைப் பாரு!" என்று சைட்டே சிரித்தது.

ஒருநாள் ஷெட்டுக்கே ஓடி வந்தார். "மூலையில வெளுக்குது, வெடிக்கப் போகுது! நான்தான் அப்பவே சொன்னேனே, கேட்டியா?"

அவள் அசையவில்லை. "வெளுக்கட்டும். நீங்க போய் உட்காருங்க."

மாசம் முடிந்தது. பில்டர் வந்து மூலைக்கு மூலை தட்டினார். பூச்சு உள்ளே விட்டுப்போன பொள்ளல் சத்தம் ஒரு இடத்திலும் இல்லை. சுவருக்குக் கீழே புல் இல்லை, வெறும் புழுதி. அங்கேயே நின்று ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு மேஸ்திரி சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நிஜமாவே நின்னுடுச்சே! அது சரி, வாய்க்கு வாய் உன்னைக் குறை சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான். என்னைப் போய் எந்தத் தைரியத்துல காவலுக்கு வெச்சே?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற யாரை வெச்சிருந்தாலும் அவங்க கண்ணை மறைச்சு நீங்க வந்து ஊத்தியிருப்பீங்களே! பொறுப்பே உங்க தலையிலன்னா ஊத்தக் கை வராதே. சுவர் வெடிச்சா நான் தாங்க மாட்டேன்னு போன தடவை விடியக்காலையில குடம் குடமா ஊத்தினது நீங்கதானே?"